சிற்றூரின் கணக்கர் ஜே. சி. குமரப்பா

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு, மறைந்த சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு கேட்டார்கள். பாவலர் ஒருவரையோ உரையாசிரியர் ஒருவரையோ நான் தேர்ந்துகொள்வேன் என்று நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் தேர்ந்தவர் ஒரு கணக்காய்வாளர். அவர் கவிதை எழுதியவர் அல்லர். தம் முதன்மையான நூல்களையும் ஆங்கிலத்திலேயே எழுதியவர். தஞ்சையில் பிறந்து, இலண்டனிலும் நியூயார்க்கிலும் கற்று, வார்தாவில் உழைத்து, நம் மதுரைச் சீமையின் டி. கல்லுப்பட்டியில் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜோசப் செல்லத்துரை குமரப்பாவே அவர்.

அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தேவாரத்திலும் பண்ணைப்புரத்திலும் கோம்பையிலும் பொழுது புலருமுன் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறி நெருக்கியடித்து அமர்கின்றனர். மெட்டு ஏறி மலைக்கு அப்பால் போய், ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தும் களை வெட்டியும் பொழுது சாய்ந்தபின் இறங்கி வருகின்றனர். அவர்கள் கை எடுத்த காய் போடியில் ஏலம் போகிறது. கடல் கடந்தும் செல்கிறது. 1895-இல் பெரியாற்று அணை நீர் பாயத் தொடங்கிய பள்ளத்தாக்கின் ஓரத்தில், மணக்கும் பயிர் விளையும் மலையின் அடியில் வாழும் ஊர், கூலிக்காக ஏன் இன்னும் மலையேற வேண்டியிருக்கிறது? வளம் இத்தனை இருக்கும் இடத்தில் வறுமை எங்கிருந்து வந்தது? இந்த வினாவை இந்தியா முழுமைக்குமாகத் தம் வாழ்நாள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் குமரப்பா. அதற்கு விடை காண அவர் கையில் எடுத்தது பேரேட்டை. அதனாலேயே அவர் வரலாறு எனக்கு உவப்பானது.

குமரப்பா 1892 சனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். வீட்டில் ஆங்கில நடையுடை பாவனை. கட்டுப்பாடும் ஒழுங்கும் மிகுதி. இளைஞர் இலண்டன் சென்று கணக்காய்வுத் தொழில் பயின்று அங்கேயே பணியும் புரிந்தார். அன்னையின் வற்புறுத்தலால் 1919-இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். நல்ல வருவாய், மேனாட்டு உடை, பட்டணத்து மதிப்பு ஆகிய யாவும் அவருக்கு வாய்த்திருந்தன. அப்பொழுது அவர் பெயர் குமரப்பா அன்று, ஜே. சி. கார்னீலியஸ் என்பதே. குடும்பத்தின் பழம் பெயரைப் பின்னர் தாமே மீட்டுக்கொண்டார்.

1927-இல் அமெரிக்கா சென்றதே திருப்பம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொதுநிதியியல் பயின்றார். அந்நாளில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் ஆற்றிய உரையின் சுருக்கம் செய்தித்தாளில் வெளியாயிற்று. அதைப் படித்த பேராசிரியர், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு மாணவரைப் பணித்தார். அரசு திரட்டும் வரி எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தபோது கணக்காய்வாளர் கண் திறந்தது. குடியானவனிடமிருந்து பெற்றது படைக்கும் கடனுக்கும் உயர் ஊதியங்களுக்கும் போய்விட, அவன் பக்கம் திரும்பி வந்தது மிகச் சிறிதே. வறுமை விதியால் வந்ததன்று, கணக்கு எழுதப்பட்ட முறையால் வந்தது என்பதே அந்த ஆய்வின் உள்ளீடு. முனைவர் பட்ட ஆய்வு எத்தனையோ பேருக்குப் பதவி தந்திருக்கிறது. ஒருவரின் உடையையும் உணவையும் ஊரையும் அடியோடு மாற்றியதை நான் அறிந்தது இவர் வாழ்விலேதான்.

ஆய்வை நூலாக்க விரும்பி 1929 மே மாதம் சபர்மதி சென்றார். பட்டுச் சட்டையும் கைத்தடியுமாகப் போன அவர், குறித்த நேரத்திற்கு முன்னரே சென்றுவிட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அதற்குமுன் கண்டிராத குமரப்பா, தடியில் சாய்ந்தபடி சில நிமிடங்கள் வேடிக்கை பார்த்து நின்றார். அம்முதியவரே பேச்சைத் தொடங்கி, வந்தவரின் பெயரைக் கேட்ட பின்னரே அவர் காந்தியடிகள் என்பது புலனாயிற்று. மடிப்புக் கலையாத கால்சட்டையைப் பொருட்படுத்தாமல் குமரப்பா மண்ணில் அமர்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோதும் எழவில்லை. ஆய்வுரையை யங் இந்தியாவில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்ட காந்தியடிகள் உடனே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் சிற்றூர்களை ஆய்ந்து தரவேண்டும் என்பதே அவ்வேலை. குஜராத்தி தெரியாதே என்ற தடை செல்லுபடியாகவில்லை.

குஜராத் வித்தியாபீடத்து மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை 1929 இறுதியிலும் 1930 தொடக்கத்திலும் அவர் நடந்து ஆய்ந்தார். அவ்வறிக்கை 1931-இல் நூலாயிற்று. அன்று அரசு எண்ணிக்கைகள் இல்லாமல் இல்லை. வரி எவ்வளவு வசூலாகும் என்று காண்பதற்காக எண்ணியவை அவை. குமரப்பாவோ உழுபவனின் இடத்தில் அமர்ந்து எண்ணினார். வித்து, எரு, மாட்டுத் தீனி, கிணற்றுச் செலவு, குடும்பத்தார் உழைப்பு என எல்லாவற்றையும் கழித்தபின் நிலம் அவனுக்கு என்ன தருகிறது என்று பார்த்தார். வயிறும் கழியாத இடத்தில் தீர்வை மட்டும் முழுதாகக் கழிந்துகொண்டிருந்ததை அவ்வேடு காட்டியது. திட்டம் எழுதுமுன் ஊரை எண்ணு. எண்ணும்போது ஊரார் பக்கம் நின்று எண்ணு. அவர் பிற்காலத்தில் எழுதிய அனைத்தும் இந்த இடத்திலிருந்து கிளைத்தவையே.

உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் சிறை செல்ல, யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. இவரும் சிறை சென்றார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரசு 1931-இல் அமைத்த குழுவுக்கு அழைப்பாளராகவும் இருந்தார். இவற்றைவிட அவர் இயல்பை விளக்குவது பீகாரில் நடந்த ஒரு செய்தி. 1934 சனவரியில் பெருநிலநடுக்கம் அம்மாநிலத்தைச் சிதைத்தது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியின் கணக்குகள் குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டன. தொண்டர் ஒருவருக்கு உணவுச் செலவு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்திருந்தார். அந்நிலையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களின் பாலுக்கும் பழத்துக்கும் வண்டி எண்ணெய்க்கும் துயர்துடைப்பு நிதியிலிருந்து காசு தர இயலாது என்று குமரப்பா அறிவித்துவிட்டார். செய்தி காந்தியடிகள் காதுக்கு எட்டி, அவர் அழைத்துக் கேட்டபோதும் விடை மாறவில்லை. மக்கள் தந்த பணம் வீடிழந்தோர்க்கு உரியது. அதை வேறு கணக்கில் எழுத அவருக்கு உரிமை இல்லை. காந்தியடிகள் அதனை ஏற்றுத் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். நிவாரண நிதிகளின் வரலாறு நாம் அறியாததன்று. மூன்று அணாவுக்காகத் தம் தலைவரையே தடுத்து நிறுத்திய ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் நிறுவப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்னும் பெயரில் அதன் இருப்பிடமாயிற்று. அவர் இளவல் பாரதன் குமரப்பாவும் அங்கே உடனுழைத்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் தாள், சோப்பு, தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என ஒவ்வொன்றையும் அங்கே செய்து பார்த்துத் திருத்தினார்கள். மலத்தையும் எருவாக்கினார்கள், அவ்வேலைக்கு வேறு ஆள் வைக்கவில்லை. வேட்டியில் துணி வீணாகிறது என்று கண்டு, வேட்டியும் பைஜாமாவும் கலந்த ஓர் உடையைத் தாமே வகுத்து அணிந்துகொண்டவர் இவர். சிக்கனத்தில் இத்தனை நுணுக்கம் சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் அரிசி ஆலை ஒன்று வந்தால் உரலும் உலக்கையும் வைத்துப் பிழைத்த எத்தனை பெண்களின் கூலி போகிறது, தவிட்டுடன் எத்தனை சத்துப் போகிறது, ஆலைக்காரரின் இலாபம் எந்த நகரத்துக்குப் போகிறது என்று கேட்டு எழுதியவருக்கு அந்த நுணுக்கம் இயல்பானதே. பணம் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது, எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதே அவர் கணக்கு.

1938-இல் நேரு தலைமையில் தேசியத் திட்டக் குழு அமைந்தபோது குமரப்பாவும் அதில் இடம்பெற்றார். சில மாதங்களிலேயே விலகினார். பேராலைகளை நடுவே வைத்து வரையும் திட்டத்தில் சிற்றூர்த் தொழில் ஓரத்துக் குறிப்பாக மட்டுமே நிற்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விலகியவர் வாளா இருக்கவில்லை. மத்திய மாகாண அரசு தொழில் ஆய்வைக் கேட்டபோது அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் கணக்கெடுக்கச் செய்து அறிக்கை தந்தார். வடமேற்கு எல்லை மாகாணத்துக்கும் அவ்வாறே செய்தார்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அவர் எழுதிய எழுத்துக்காகவே தண்டனை பெற்றார். போர்ச் செலவுக்காக அச்சடித்த தாளைக் கொடுத்து உழவனின் தானியத்தை வாங்கிச் செல்வது, அப்பம் பெற்றுக்கொண்டு கல்லைக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்து அதிலிருந்தது. உவமை விவிலியத்தினின்று வந்தது, கணக்கு அவருடையது. ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்தது. அந்தச் சிறையிலேயே இரு நூல்கள் எழுந்தன. ஒன்று இயேசுவின் வாழ்வும் கட்டளையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். கிராமத் தொழில் முனைவர் என்ற பட்டத்தையும் தாமே சூட்டி மகிழ்ந்தார்.

பிந்திய நூலின் ஒரு பகுதி, கவிதை பயில்வோர் நின்று படிக்க வேண்டியது. மாந்தர் பொருளீட்டும் முறைகளை உயிரினங்களின் வாழ்க்கையில் வைத்து ஐவகையாக்குகிறார். இன்னோர் உயிரைக் கொன்று தின்னும் புலியின் முறை ஒன்று. நட்டு வளர்க்காமல் பறித்துத் தின்னும் குரங்கின் முறை இரண்டாவது. தானே முயன்று கூடு கட்டிக்கொள்ளும் பறவையின் முறை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீயின் முறை நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாயின் முறை ஐந்தாவது. இப்பாகுபாட்டை வாசிக்குந்தோறும், கருப்பொருளைக் கொண்டு மாந்தர் ஒழுக்கம் உரைத்த நம் பழைய மரபு எனக்கு நினைவுக்கு வரும். அவர் அதை நினைத்து எழுதினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலையும் குரங்கும் தேனும் அன்றாடம் காணும் நம் பகுதி மக்களுக்கு இந்நூலை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

அதே நூலில் ஓர் இலட்சம் பேர் வாழும் பகுதிக்கு ஒரு பயிர்த்திட்டம் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,860 கலோரி தரும் நிறையுணவும் ஆண்டுக்கு 25 கெஜம் துணியும் வேண்டும் என்று முதலில் வரையறுக்கிறார். தானியம், பருப்பு, வெல்லம், எண்ணெய், பால், காய், கனி, பருத்தி ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஏக்கர் தேவை என்று பின்னர்ப் பகிர்கிறார். மிஞ்சிய நிலத்தில்தான் சந்தைக்கான பயிர். தட்டில் தொடங்கி நிலத்துக்குச் செல்லும் திட்டம் இது. நாம் பழகிய திட்டங்களோ ஒதுக்கீட்டில் தொடங்கித் தட்டை எட்டாமலே நின்றுவிடுகின்றன. மலையாள நாட்டில் நெல் விளைந்த நிலம் தென்னைக்கு மாறி, அத்தேங்காய் ஆலையில் சோப்பாவதைச் சுட்டி அவர் வருந்தினார். ஏலக்காயைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஏலம் விலை ஏறும் ஆண்டில் தோட்டக்காரர் வீடு உயர்கிறது. விலை சரியும் ஆண்டில் ஜீப்பில் ஏறும் பெண்களின் வேலை நாள் குறைகிறது. அவர்கள் வீட்டுச் சோறு எந்த ஆண்டிலும் கடையிலிருந்தே வருகிறது. சோளமும் மொச்சையும் விளைந்த மானாவாரிக் காடு அவர்கள் கையில் எப்போது இருந்தது, எப்போது போயிற்று என்று எந்த நலத்திட்டப் படிவமும் கேட்பதில்லை.

விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். மாகாணங்களைச் சுற்றி வந்து 1949-இல் அறிக்கை தந்தனர். உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே எவரும் வேண்டா. குத்தகைக்கு விடுவது பொதுவாக ஒழிய வேண்டும். நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும். அது ஒரு குடும்பம் செம்மையாய் வாழப் போதுமான நிலத்தின் மும்மடங்கிற்கு மேற்படக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் சில. அறிக்கை பாராட்டப்பட்டது, மெல்ல ஒதுக்கவும் பட்டது. தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல்தான் வந்தது, முப்பது தர ஏக்கர் என்ற அளவில். மலைக்கு அப்பால் கேரளத்தின் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பயிர்களுக்கு உச்சவரம்பினின்று விலக்களித்தது. தேயிலை, காப்பி, ரப்பர் ஆகியவற்றோடு ஏலமும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் நிலத்துக்கு, அவர் கேட்ட வரம்பு வரவே இல்லை.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவரைப் பற்றிப் பலரும் சொல்வது. தில்லியில் திட்டக் கூட்டம் ஒன்றுக்குக் குதிரை வண்டியில் சென்றவரைக் காவலர் தடுத்தனர். அச்சாலையில் அத்தகைய வண்டிக்கு இடமில்லை. அவர் நேருவிடம் முறையிட்டார். படை வண்டிகள் விரையும் சாலையில் குதிரை வண்டிக்கு ஆபத்து என்பதாலேயே இத்தடை என்றார் நேரு. அப்படியாயின் ஆபத்தை விளைவிக்கும் வண்டியையன்றோ தடுக்க வேண்டும் என்று குமரப்பா கேட்டாராம். நாட்டின் திட்டங்கள் எந்த வண்டிக்காகச் சாலை போட்டன என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அயல்நாட்டு உதவியோடும் அலுவலர் படையோடும் மேலிருந்து இறங்கி வரும் வளர்ச்சியை அவர் கடுமையாகச் சாடினார். அதன் பின்னர் வந்தவை பல. 1978-இல் தொடங்கி 1980 அக்டோபர் முதல் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், 1989-இன் ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டம், 1999-இன் பொன்விழா சுயவேலைத் திட்டம், 2005-இல் சட்டமான நூறு நாள் வேலை ஆகியவை அவற்றுட் சில. இவற்றால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நூறு நாள் வேலை வந்தபின் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் முதன்முதலாகத் தம் பெயரில் வங்கிக் கணக்கு வைத்தனர். தோட்டக் கூலியைப் பேசி உயர்த்தவும் அது துணையாயிற்று. ஆயினும் கடன் மாடு வந்த கதையையும் நாம் கண்டிருக்கிறோம். மேய்ச்சல் நிலமும் தீவனமும் உண்டா என்று பாராமல் மாடு வந்தது. பால் வற்றியதும் மாடு சந்தைக்குப் போனது. கடன் மட்டும் வீட்டில் தங்கியது. மாத்தரில் மாட்டுத் தீனியைச் செலவில் எழுதிய கணக்கர் இருந்திருந்தால் அந்த மாடு அப்படி வந்திராது.

தமிழாசிரியை என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றியும் கூற விரும்புகிறேன். இத்திட்டங்கள் நம் மொழிக்குத் தந்த கொடை 'பயனாளி' என்னும் சொல். உழவன், நெசவாளி, தொழிலாளி என்னும் சொற்களில் எல்லாம் ஒரு வேலை இருக்கிறது. பயனாளியிடம் வேலை இல்லை. நீட்டிய கை மட்டுமே இருக்கிறது. குமரப்பாவின் ஏடுகளில் சிற்றூரார் ஆக்குபவராகவும் கணக்குக் கேட்பவராகவும் வருகின்றனர். பெயர் மாறும்போது கணக்கின் பக்கமும் மாறிவிடுகிறது. சொல்லை ஆள்வோராகிய நம் வட்டத்தார் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அவரிடம் குறை காணவே இயலாது என்பதன்று. ஊரை ஒரு குடும்பமாகவே அவர் பெரிதும் கண்டார். அதே ஊருக்குள் சேரிக்குத் தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்றிருந்ததை அவருடைய பயிர்த்திட்டம் கணக்கில் கொள்ளவில்லை. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சிற்றூர்ப் பெருமையை மறுத்துப் பேசியதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் பணம் சுழன்றால் மட்டும் போதாது. யார் தெரு வரையில் சுழல்கிறது என்றும் பார்க்க வேண்டும். குமரப்பாவையும் அம்பேத்கரையும் அருகருகே வைத்துப் படிக்குமாறே என் மாணவியருக்குச் சொல்லி வருகிறேன். அவர்களுள் சிலரின் அன்னையர் ஜீப்பில் மலையேறுபவர்கள். இவ்விருவரில் எவரும் தமக்கு அயலார் அல்லர் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொள்கின்றனர்.

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் வார்தாவுக்கு அருகே சேல்டோ என்னும் ஊரில் உழவாய்வுக்காக ஓர் ஆசிரமம் அமைத்தார். மராத்தியர் நடுவே அமைந்த அந்நிலையத்துக்கு அவர் இட்ட பெயர் பண்ணை ஆசிரமம். ஆங்கிலத்தில் எழுதிய தமிழரின் நெஞ்சில் எந்தச் சொல் தங்கியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. சீனம், சப்பான், சோவியத்து நாடு ஆகியவற்றுக்கும் இக்காலத்தில் சென்று உழவும் கைத்தொழிலும் நடக்கும் முறைகளைப் பார்த்து வந்தார்.

குருதி அழுத்தம் மிக, ஐம்பதுகளின் இடையில் டி. கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். கோ. வேங்கடாசலபதி 1940-இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே இருந்தது. தேனியிலிருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, பேரையூர் வழியே நாமும் எளிதில் போய்வரக்கூடிய கரிசல் மண்ணில், சிறு குடில் ஒன்றில் அவர் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளாதவர், உடைமை என்று சொல்லத்தக்கது நூல்களும் தாள்களுமே. குடிலில் காந்தியடிகளின் படம் ஒன்றும் ஏழை உழவன் ஒருவனின் படம் ஒன்றும் இருந்தன. வருவோரிடம் முன்னதைத் தம் ஆசான் என்றும், பின்னதைத் தம் ஆசானின் ஆசான் என்றும் அவர் அறிமுகப்படுத்துவதுண்டு.

1957-இல் தம்பி பாரதன் மறைந்தார். குமரப்பாவின் உடல்நிலையும் மேலும் தளர்ந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1960 சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அறுபத்தெட்டாம் அகவையில் அவர் காலமானார். நாட்டின் மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவு அப்போது தில்லியில் உருவாகிக்கொண்டிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1973-இல் சிறியதே அழகு என்னும் தம் புகழ்பெற்ற நூலில் சூமாக்கர் என்னும் மேனாட்டுப் பொருளியலாளர் குமரப்பாவின் எழுத்தை எடுத்துக்காட்டினார். அதன் பிறகே நம்மவர் பலர் அவர் யார் என்று தேடத் தொடங்கினர்.